சீஷெல்ஸ் செல்வோர் கேட்டவை: வாசகர் கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலிலுள்ள சீஷெல்ஸ் தீவுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தத் தீவுகளின் அழகைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளே நுழைவதற்கு என்ன வேண்டும், அங்கே போய்ப் பத்திரமாகத் திரும்புவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றே கேட்டிருந்தன. அந்நாட்டின் பெரிய தீவான மாஹேயில் ஒன்பது ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கடிதங்களை மகிழ்ச்சியோடு படித்தேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தந்திருக்கிறேன்.

என் மகனுக்குத் தை மாதம் திருமணம். தேனிலவுக்குச் சீஷெல்ஸ் போக எண்ணியிருக்கிறார்கள். ‘இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினால் போதும்’ என்று பயண முகவர் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகி, கும்பகோணம்

அவர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. இந்தியர்கள் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் புறப்படுவதற்கு முன்பே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துப் ‘பயண அனுமதி’ பெற்றாக வேண்டும். பாஸ்போர்ட்டின் படம், முகப்படம், போகவர இரண்டுக்குமான விமானச் சீட்டு, தங்குமிடப் பதிவு ஆகியவற்றை அந்த விண்ணப்பத்தில் இணைக்க வேண்டும். சில யூரோ கட்டணம் உண்டு. அவசரமாக வேண்டுமென்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த அனுமதி கையில் இல்லாதவரை விமான நிறுவனத்தார் சென்னையிலேயே ஏற்ற மறுப்பார்கள். சென்னையிலிருந்து செல்வோர் பெரும்பாலும் மும்பை, கொழும்பு, துபாய் போன்ற ஊர்களில் விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், வழியில் சிக்கிக்கொள்ளாமலிருக்க இரண்டு பிரதிகளைக் காகிதத்திலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இணையத்தில் தேடும்போது அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்து, பல மடங்கு கட்டணம் வாங்கும் இடைத்தரகர் தளங்களும் வரும். பணம் கட்டும் முன் அது அரசின் தளம்தானா என்று சீஷெல்ஸ் குடிவரவுத் துறையின் பக்கத்திலிருந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயராக நிற்கும், விமானச் சீட்டில் அதுவே வெறும் எழுத்தாக நிற்கும், தங்குமிடப் பதிவில் மணமகளின் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் குடிவரவு அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் அச்சிட்டபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். புதுமணப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற நினைத்தால், பயணம் முடிந்து வந்து மாற்றிக்கொள்வதே நல்லது.

மாஹே விமான நிலையத்தில் இறங்கியதும் வருகை அனுமதியை முத்திரையிட்டுத் தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. திரும்பும் சீட்டு, தங்கப்போகும் அத்தனை இரவுகளுக்குமான முகவரி, செலவுக்குப் போதிய பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். ‘முதல் இரண்டு நாளுக்கு விடுதி, மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற திட்டம் இந்த நாட்டில் செல்லாது. கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கவும் அனுமதியில்லை. 2023 ஆகஸ்டு முதல் சுற்றுச்சூழலுக்கான தீர்வையொன்றும் உண்டு. விடுதியின் அளவைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 25 முதல் 100 சீஷெல்ஸ் ரூபாய் வரை விடுதிக் கணக்கில் சேரும்.

ஜூலை மாதம் குடும்பத்துடன் போகிறோம். படங்களில் கடல் குளம்போல் இருக்கிறது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. இறங்கிக் குளிக்கலாமா? சுறா பயம் உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

வந்த கடிதங்களில் எனக்கு மிகுந்த கவலை தந்தது இதுதான். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த படங்கள் பொய்யல்ல. ஆனால் அவை எந்த மாதத்தில் எடுத்தவை, தீவின் எந்தப் பக்கத்தில் எடுத்தவை என்பது படத்தில் இருக்காது. நம் கடற்கரை மீனவர்கள் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்தக் கரையில் தொழில் பார்க்கலாம் என்று முடிவு செய்வதைப் போலத்தான் அந்தத் தீவு மக்களும் செய்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். அவர்களுடைய கிரியோல் மொழியில் அதைச் ‘சுவெத்’ என்பார்கள். அந்த மாதங்களில் தெற்கும் கிழக்கும் பார்த்த கரைகள் கொந்தளிக்கும். மாஹேயில் ஆன்ஸ் இன்டெண்டான்ஸ், போலீஸ் பே, லா டீக் தீவில் கிராண்ட் ஆன்ஸ், பெத்தீத் ஆன்ஸ், ஆன்ஸ் கோகோ ஆகியவை இவ்வகை. அதே நாட்களில் மாஹேயின் வடமேற்கிலுள்ள போ வல்லோனும், பிராலின் தீவின் ஆன்ஸ் லாசியோவும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று வீசும்போது இது தலைகீழாகும். ஏப்ரலிலும் அக்டோபர் கடைசி, நவம்பரிலும் காற்று மாறும் இடைவெளியில்தான் பெரும்பாலான கரைகள் சாந்தமாக இருக்கும். ஆகவே விடுதியைப் பதிவு செய்யும்போதே அது தீவின் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பாருங்கள். ஜூலையில் போகிற உங்களுக்கு வடமேற்குப் பக்கம்தான் ஏற்றது. (தை மாதத்தில் போகும் கும்பகோணத்துத் தம்பதியருக்கு இதற்கு நேர்மாறாக அமையும்.)

என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லா டீக்கின் கிராண்ட் ஆன்ஸ் மிகவும் அழகான கரை. சைக்கிளை விட்டுவிட்டு மரநிழலிலிருந்து வெளியே வந்தால், மாவு போன்ற வெண்மணலும் இரு பக்கமும் உருண்டு திரண்ட கருங்கற்பாறைகளும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். கரைக்கு வரும் வழியில் நீந்த வேண்டாமென்று எச்சரிக்கும் பலகை இருந்தது. ஓர் ஆகஸ்டு மாலையில் நம் ஊர்க்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏழு எட்டு வயது மகளைக் கையில் பிடித்தபடி முழங்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். அலை திரும்பும்போது அவருடைய பாதத்துக்கடியிலிருந்த மணல் அரித்துக்கொண்டு போவதும், அவர் ஒவ்வொரு முறையும் அரை அடி முன்னால் நகர்வதும் எனக்குத் தெரிந்தது; அவருக்குத் தெரியவில்லை. அடுத்த அலையில் குழந்தை விழுந்தாள். இளநீர் விற்றுக்கொண்டிருந்த தீவுக்காரர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். பத்து வினாடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்று அந்தத் தந்தை செய்தது நம்மில் யாரும் செய்யக்கூடியதுதான். மெரினாவிலும் திருச்செந்தூரிலும் காலை நனைத்துப் பழகிய நாம், முழங்கால் நீரை ஆபத்தென்று நினைப்பதேயில்லை.

கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. கரையேறி நின்று ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். வரிசையாக உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கறுத்து, வழவழப்பாகத் தெரியும். நுரையும் மணலும் அங்கே வெளிப்பக்கமாக நகரும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய நீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தோன்றும். அதனால் அங்கேயே போய் இறங்குவார். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளும். காப்பாற்றப் போகிறவரும் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மிதக்கக்கூடிய எதையாவது எறிய வேண்டும். அங்கே பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது.

நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு என் யோசனை இது. லா டீக்கின் ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான், மாஹேயின் ஆன்ஸ் ரோயால் போன்ற இடங்களில் பவளத்திட்டு அலையைத் தடுத்து நிற்பதால் கரையோரம் ஆழமில்லாத நீர் தேங்கியிருக்கும். அங்கே காலையில், விடுதிக்காரரிடம் ‘இன்றைக்கு இறங்கலாமா’ என்று கேட்டுவிட்டு, குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளியுங்கள். கெட்டியான அடிப்பாகமுள்ள நீர்ச்செருப்பு அவசியம். கல்மீன் என்றொரு மீன் பாறைத்துண்டு போலவே அசையாமல் கிடக்கும். அதன் முதுகு முள் குத்தினால் தாங்க முடியாத வலி எடுக்கும். பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதன் நஞ்சின் வீரியம் வெப்பத்தில் குறையும்.

சுறாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2011 ஆகஸ்டில் ஆன்ஸ் லாசியோவில் சுறா தாக்கி இரண்டு பயணிகள் இறந்தது உண்மை. அத்தகைய நிகழ்ச்சி அங்கே மிக அரிது. உங்கள் அச்சத்தை நீரோட்டத்தின் மேல் வையுங்கள்.

மாமியார் பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை எல்லாம் கட்டிக்கொடுக்கிறார். கொண்டு போகலாமா?
— வாசகி, மதுரை

பொடியும் ஊறுகாயும் கடையில் வாங்கிய, முத்திரை பிரியாத, பெயர் அச்சிட்ட பொட்டலமாக இருந்தால் சிக்கல் குறைவு. பச்சை இலை, பழம், காய், விதை, பூ, மண் ஒட்டிய கிழங்கு, இறைச்சி ஆகியவற்றை அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில், ஈரத்துணியில் சுற்றி அம்மா வைத்துவிட்ட கறிவேப்பிலைக் கொத்தை விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது மனம் வலித்தது. பிறகு அங்கே வாழ்ந்தபோதுதான் அதன் நியாயம் புரிந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத மரங்களும் பறவைகளும் அந்தச் சின்னஞ்சிறு தீவுகளில் இருக்கின்றன. ஓர் இலையின் அடியில் ஒட்டிப்போகும் பூச்சி அவற்றை அழித்துவிடக் கூடும். வருகைப் படிவத்தில் கையிலிருப்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். எழுதியவரிடம் பொருளை மட்டும் வாங்கிக்கொள்வார்கள், மறைத்தவர் அபராதத்துக்கு உள்ளாவார். கறிவேப்பிலைக்காக வருந்த வேண்டாம். தலைநகர் விக்டோரியாவின் சந்தையில் நம் சமையலுக்கு வேண்டியவை கிடைக்கும். 1770இல் அங்கே முதலில் குடியேறியவர்களிலேயே ஐந்து இந்தியர்கள் இருந்தார்கள். பிள்ளை, நாயுடு, செட்டி என்ற பெயர்களைக் கடைப் பலகைகளில் பார்க்கலாம். விக்டோரியாவின் நடுவே நவசக்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை: வலிக்கும் தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் உண்ணும் மாத்திரைகளை, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த சீட்டோடு அசல் அட்டையிலேயே கொண்டுபோங்கள். போதைப்பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமையானது. ‘இதை மட்டும் அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று விமான நிலையத்தில் யார் எதைத் தந்தாலும், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

தடுப்பூசி போட வேண்டுமா? கொசுக்காய்ச்சல் உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

இந்தியாவிலிருந்து நேரே போவோருக்குக் கட்டாயத் தடுப்பூசி ஏதுமில்லை. ஆனால் நைரோபி, அடிஸ் அபாபா போன்ற ஊர்களின் வழியே போனால் கணக்கு மாறும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடமும், அந்நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவரிடமும் அந்த ஊசிச் சான்றைச் சீஷெல்ஸ் கேட்கும். திரும்பி வரும்போது நம் நாடும் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் விமான நிலையத்தை விட்டு வெளியே சென்றிருந்து சான்று இல்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் போதும். அறுபது வயதைக் கடந்தவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

மலேரியா அங்கே இல்லை; டெங்குவும் சிக்குன்குனியாவும் உண்டு. எலிக்காய்ச்சலும் அங்கே பழைய தொல்லைதான். மழைக்குப் பின் தேங்கிய நீரிலும் ஓடையிலும் காலில் புண்ணோடு இறங்காதீர்கள். ஊர் திரும்பிய பிறகும் மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கொடிய நஞ்சுள்ள நிலப்பாம்பு அங்கே இல்லை. பெரிய மருத்துவமனை விக்டோரியாவில்தான் இருக்கிறது. பிற தீவுகளிலிருந்து படகிலோ சிறு விமானத்திலோ கொண்டுவர வேண்டும். ஆகவே நோயாளியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அடங்கிய பயணக் காப்பீடு எடுக்காமல், குறிப்பாக இதயநோய் உள்ள பெரியவர்களை, அழைத்துச் செல்ல வேண்டாம் என்றே சொல்வேன். அவசர உதவிக்கு அங்கே அழைக்க வேண்டிய எண் 999.

என் தம்பிக்கு அங்கே கட்டுமான வேலை என்று ஒரு முகவர் இரண்டரை லட்சம் கேட்கிறார். ‘முதலில் சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கு, வேலை அனுமதியை அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார்.
— வாசகர், அறந்தாங்கி

தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். வருகை அனுமதியில் போனவர் அங்கே ஒரு நாள் கூலி வேலைகூடச் செய்யக் கூடாது. வேலை அனுமதியை முதலாளி அந்நாட்டுக் குடிவரவுத் துறையில் விண்ணப்பித்து, ஆள் புறப்படுவதற்கு முன்பே வாங்கி அனுப்ப வேண்டும். உண்மையான வேலையாக இருந்தால், முதலாளியின் பெயரும் தம்பியின் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள அனுமதித் தாள் விமானம் ஏறும் முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும். ‘அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்ற சொல்லை நம்பிப் போன இளைஞர்களை மாஹேயில் நான் பார்த்திருக்கிறேன். கைச்செலவுக்குப் பணமில்லாமல், பாஸ்போர்ட்டை யாரோ வாங்கி வைத்துக்கொண்டிருக்க, கோயில் பூசை முடியும் நேரத்தில் வந்து தயங்கித் தயங்கி நிற்பார்கள். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் விக்டோரியாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தயங்காமல் போக வேண்டும்.

புயல் வருமா?
— வாசகர், நாகப்பட்டினம்

மாஹே, பிராலின், லா டீக் ஆகிய முதன்மைத் தீவுகள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நான்கு, ஐந்து பாகைக்குள்ளேயே இருப்பதால் புயல் அங்கே தாக்குவது மிக அரிது. தொலைவிலுள்ள ஃபார்கர் தீவைத்தான் 2016 ஏப்ரலில் ஃபண்டாலா புயல் சிதைத்தது. ஆனால் டிசம்பர், ஜனவரி மழை பெரிது. 2023 டிசம்பரில் கனமழையால் மாஹேயில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. அடைமழை நாளில் மலைச்சாலையையும் மலையேற்றத்தையும் ஒத்திவையுங்கள். நாகப்பட்டினத்துக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: 2004 டிசம்பர் 26இல் நம் கரையை அழித்த அதே சுனாமி, நிலநடுக்கம் நடந்து ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்குப் பின் மாஹேக்கும் போய்ச் சேர்ந்து, விமான நிலையச் சாலையின் பாலத்தை உடைத்தது. நீர் திடீரென உள்வாங்கினால் அங்கேயும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேட்டுக்கு ஓடுங்கள்.

கார் எடுத்து ஓட்டலாமா? திருட்டு பயம் உண்டா?
— வாசகர், சேலம்

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடுதான். ஆனால் மலைச்சாலைகள் குறுகியவை. பல இடங்களில் ஓரத் தடுப்பு இல்லை, தார் முடியும் இடத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குச் சரிவோ வாய்க்காலோ இருக்கும். எதிரே பேருந்து வந்தால் நின்று வழி விடுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாமலிருப்பது நல்லது. நம் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வைத்திருந்தால் கேள்வி எழாது. வன்முறை குறைவு, சில்லறைத் திருட்டு உண்டு. குளிக்கப் போகும்போது மணலில் வைத்த பையும், பூட்டிய காரின் இருக்கையில் தெரியும்படி வைத்த கைப்பையும்தான் பெரும்பாலும் போகின்றன. பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு அதன் நகலை எடுத்துக்கொண்டு போங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல் தேங்காய் அங்கிருந்துதான் வருகிறதாமே? ஒன்று வாங்கி வரலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

ஆம், இரட்டைத் தேங்காய் என்று சொல்லும் அதேதான். பிராலின், குரியூஸ் ஆகிய இரண்டு தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் பனை அது. உலகிலேயே மிகப் பெரிய விதை அதனுடையது. அதன் ஓடு கடலில் மிதந்து வந்துதான் நம் நாட்டில் சிவனடியார் கையில் திருவோடாயிற்று. வாங்கலாம், ஆனால் அரசின் வரிசை எண்ணிட்ட ஒட்டுச்சீட்டும் ஏற்றுமதி அனுமதித் தாளும் உள்ள காயை, உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்க வேண்டும். எண்ணில்லாமல் மலிவாகக் கிடைப்பது திருட்டுக் காய். அதை விமான நிலையத்தில் பறிமுதல் செய்வதோடு வழக்கும் போடலாம். சங்கு, பவளம், ஆமை ஓடு எதையும் கரையிலிருந்து எடுத்து வரக் கூடாது. காயின் விலை மிக அதிகம், எடையும் மிக அதிகம். விமானப் பெட்டியின் எடை வரம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். குடைந்து உள்ளீடு எடுத்த காய் எடை குறைவாக இருக்கும், அதை நம் விமான நிலையத்துச் சுங்க அதிகாரியிடம் காட்டும்போது அனுமதித் தாள் பெட்டிக்குள் இல்லாமல் கையில் இருக்கட்டும்.